வண்டலூருக்கு நான் எதற்குப் போகிறேன்

வேலு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்து, "ஏம்மா, கேமரா ஒரே இருட்டா கீது, கரண்ட் இல்லியா?" என்று கேட்டாய். "ஆங், காலையில இருந்தே இல்லப்பா" என்று சொன்னேன். கரண்ட் இருந்தது. என் தலைக்கு மேல் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. நீ ஹாலில் மாட்டிவிட்டுப் போன கேமராவின் மேல் உன் நைனாவின் பழைய துண்டைப் போட்டு மூடியது நான்தான். அறுபத்தாறு வயதில் பெற்ற பிள்ளையிடம் பொய் சொல்லிவிட்டு அன்று பகல் முழுவதும் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தேன். அதனால்தான் இந்தக் கடிதம். போனில் நீ சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா, கை வலிக்கிறதா என்று கேட்பாய், நான் ஆங் ஆங் என்பேன், நாலு நிமிஷத்தில் முடிந்துவிடும். ஆஸ்பத்திரியில் நீ என்னைக் கேட்டாயே ஒரு கேள்வி, அதற்கு நாலு நிமிஷம் போதாது. எனக்கே அதன் பதில் இந்த இரண்டு மாதமாக யோசித்த பிறகுதான் கொஞ்சம் பிடிபட்டிருக்கிறது.

முதலில் இருந்து சொல்கிறேன். முப்பத்தோரு வருஷம் நான் கிராம நர்ஸாக இருந்தேன். காலையில் படி இறங்கினால் மணவூரிலிருந்து திருவாலங்காடு வரைக்கும் எந்தத் தெருவில் நடந்தாலும் யாராவது ஒருத்தி கூப்பிடுவாள். "நர்சம்மா, புள்ள பால் குடிக்க மாட்டேங்குது." "நர்சம்மா, இவளுக்கு நாள் தள்ளிப்போயிடுச்சி, வந்து பாரேன்." சாயங்காலம் வீடு திரும்பும்போது தொண்டை கட்டியிருக்கும். வீட்டில் உன்னிடம் பேசக்கூடத் தெம்பு இருக்காது. அது உனக்கு நினைவிருக்கும். ரிடையரான பிறகு உன் நைனா இருந்தார். அரக்கோணம் ரயில்வே ஷெட்டில் காலமெல்லாம் இரும்புச் சத்தத்தைக் கேட்டவர், வீட்டில் அதிகம் பேசமாட்டார். ஆனால் இருந்தார். காபி கேட்பார், மோட்டார் போட்டாயா என்பார். அவர் போய், காரியம் முடிந்து, நீயும் நித்யாவும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு புனேவுக்குக் கிளம்பிய அடுத்த வாரம் கேஸ் சிலிண்டர் கொண்டுவந்த ஆள் வாசலில் நின்று பழைய சிலிண்டர் எங்கே என்று கேட்டான். பதில் சொல்ல வாயைத் திறந்தேன், குரல் வரவில்லை. காற்றுதான் வந்தது. கனைத்துப் பார்த்தேன். பிறகுதான் உறைத்தது, இரண்டு நாளாக நான் ஒருவரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. பிரஷர் பார்க்க என்னிடம் கருவி இருக்கிறது, சர்க்கரை பார்க்க இருக்கிறது. இதைப் பார்க்கக் கருவி இல்லை. அன்றைக்கு நான் பயந்துபோனேன், வேலு. உன்னிடம் சொல்லவில்லை.

அதன் பிறகு என்னென்னவோ செய்து பார்த்தேன். திருத்தணி மலைக்கோயிலுக்கு தினமும் படியேறுவது என்று ஆரம்பித்தேன். ஒரு மாதத்தில் முட்டி நிறுத்திவிட்டது. பஸ் ஸ்டாண்டில் போய் உட்கார்ந்து ஆந்திரா பஸ்களின் போர்டைப் பார்த்துத் தெலுங்கு எழுத்துப் படிக்கக் கற்றுக்கொண்டேன். நமக்குப் பேச்சுதானே தெரியும், எழுத்து தெரியாது. பஸ் நகரிக்குப் போகிறது, புத்தூருக்குப் போகிறது என்பது தெரிந்ததால், போர்டில் எந்த எழுத்து எது என்று கண்டுபிடிக்கலாம். ஒரு கண்டக்டர் பத்து நாளாக என்னைக் கவனித்திருக்கிறார். "எக்கடிகி போவாலம்மா?" என்று இறங்கி வந்து கேட்டார். "எங்கயும் இல்லப்பா, சும்மா படிச்சிகினு கீறேன்" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் இருந்த இரக்கத்தை என்னால் தாங்க முடியவில்லை. மறுநாள் பஸ் ஸ்டாண்டுக்குப் போகவில்லை. கால் பழக்கத்தில் கிளம்பிவிட்டது. எங்கேயாவது போகவேண்டுமே என்று கிளை நூலகத்துக்குள் நுழைந்தேன்.

அங்கே சுமதி என்று ஒரு பெண் நூலகராக இருக்கிறாள். அவள் பிறந்தபோது அவளுக்குத் தடுப்பூசி போட்டவள் நான்தானாம். அவளுடைய அம்மா சொல்லியிருக்கிறாள். உறுப்பினராகச் சேர்த்துவிட்டு, ஒரு குடும்ப நாவலை எடுத்துக் கையில் கொடுத்தாள். நின்ற இடத்திலேயே கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் படித்தேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னா நர்சம்மா இது, கடைசியவே மொதல்ல படிச்சிட்டா அப்புறம் எதுக்கு புக்கு?" என்றாள். "யாரு சாவறாங்க, யாரு பொழைக்கிறாங்கன்னு தெரிஞ்சிட்டா நிம்மதியா படிக்கலாம்மா" என்றேன். அவள் என் அட்டையில் தேதி போட்டுக் கொடுத்தாள். அதிலிருந்து வாரம் இரண்டு நாவல். உன் நைனாவோடு வாழ்ந்த காலத்தில் ஒரு புத்தகத்தைத் தொட்டதில்லை, நேரமில்லை. இப்போது கதையில் ஒருத்தி புருஷனிடம் கோபித்துக்கொண்டு பெட்டியைத் தூக்கினால், இருடி, போகாதே, கடைசிப் பக்கத்தில் அவனே வருவான் என்று வாய்விட்டுச் சொல்கிறேன். குரல் போகாமல் இருக்க அதுவும் ஒரு வைத்தியம். ஆனால் உண்மையைச் சொல்லவேண்டும். நாவல் என்னைப் பகல் மூன்று மணியிலிருந்து ஐந்து மணி வரைக்கும்தான் காப்பாற்றும். ஐந்துக்கு மேல் வெளிச்சம் குறையும்போது பக்கத்து வீடுகளில் ஆட்கள் வேலையிலிருந்து திரும்புவார்கள். கேட் திறக்கும் சத்தம், வண்டி நிறுத்தும் சத்தம், "தண்ணி குடு" என்கிற சத்தம். நம் வீட்டுக் கேட் மட்டும் சும்மா இருக்கும். அந்த நேரத்தை ஒரு புத்தகமும் தாண்ட வைத்ததில்லை.

வண்டலூருக்கு முதலில் போனது தற்செயல்தான். என்னோடு வேலை பார்த்த கமலாவின் மகளுக்குக் கூடுவாஞ்சேரியில் கல்யாணம். சாப்பாடு முடிந்து எல்லோரும் ஜோடி ஜோடியாகக் கிளம்பிவிட்டார்கள். மணி பதினொன்றுதான். வீட்டுக்கு வந்தாலும் அந்த ஐந்து மணி வரும் என்ற நினைப்பில், வழியில் உயிரியல் பூங்கா என்று பார்த்ததும் இறங்கிவிட்டேன். பட்டுப்புடவையோடு டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். நீர்யானை இருக்கும் குளத்தின் முன்னால் ஒரு பெஞ்ச் காலியாக இருந்தது. உட்கார்ந்தேன். தண்ணீரில் ஒன்றும் தெரியவில்லை. போகலாம் என்று எழுந்தபோது இரண்டு மூக்குத்துவாரம் மட்டும் மேலே வந்து, புஸ்ஸென்று மூச்சு விட்டு, மறுபடி உள்ளே போனது. நான் உட்கார்ந்துவிட்டேன். அது உள்ளே போனால் நானும் மூச்சை அடக்குவேன். வாட்ச்சைப் பார்த்து எண்ணுவேன். நான் எப்போதும் தோற்றேன். இரண்டு மணி நேரம் போனது தெரியவில்லை. சாயங்காலம் ரயிலில் வரும்போதுதான் கவனித்தேன், மணி ஐந்தரை ஆகியிருந்தது, எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

அதற்கப்புறம் இரண்டு வாரத்துக்கு ஒரு புதன்கிழமை போக ஆரம்பித்தேன். ஒருமுறை செவ்வாய்க்கிழமை போய், பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டு, கொண்டுபோன புளிசாதத்தை வண்டலூர் பிளாட்பாரத்தில் தின்றுவிட்டுத் திரும்பியதும் உண்டு. திருத்தணியில் ஏறி அரக்கோணத்தில் மாறி, செங்கல்பட்டு வண்டி பிடித்து, அங்கிருந்து லோக்கலில் வண்டலூர். போக நாலு மணி நேரம், வர நாலு மணி நேரம், பார்க்க மூன்று மணி நேரம். நீ இதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொள்வாய். ஆனால் அந்தப் பதினோரு மணி நேரமும் எனக்குச் செலவாகிறது பார். எப்போதாவது நீ நடுவில் போன் செய்வாய். ஒருமுறை நீ பேசிக்கொண்டிருக்கும்போது பின்னால் மயில் அகவியது. "அது இன்னாம்மா சத்தம்?" என்றாய். "டிவிடா" என்றேன். டிவி ரிப்பேராகி அப்போதே ஆறு மாதம்.

அங்கே சிங்கவால் குரங்குகளில் ஒருத்தி மாசமாக இருந்தாள். பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது, நடையே சொல்லிவிடும். மூன்றாவது முறை போனபோது குட்டி அவள் மாரில் ஒட்டிக்கொண்டிருந்தது. யாரும் என்னைக் கூப்பிடவில்லை. எடை போடு என்று சொல்லவில்லை. அட்டையில் எழுத வேண்டியதில்லை, ஊசி போட வேண்டியதில்லை, அந்தக் குட்டிக்குக் காய்ச்சல் வந்தால் இரவெல்லாம் நான் விழித்திருக்க வேண்டியதில்லை. வாழ்நாள் முழுக்க ஓர் உயிரைப் பார்த்தால் அதற்கு என்ன குறை, நான் என்ன செய்யவேண்டும் என்று பார்த்த கண் இது. உன்னையும் அப்படித்தான் பார்த்தேன். நாக்கை நீட்டு, நகத்தைக் காட்டு. என் பொறுப்பில் இல்லாத ஓர் உயிரை, அது இருக்கிறது என்பதற்காக மட்டும் பார்ப்பது எனக்குப் புதிது. அங்கே போனால் தனிமை தீர்ந்துவிடுகிறது என்று நினைத்துக்கொள்ளாதே. குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். சாப்பாட்டு டப்பாவைத் தனியாகத் திறக்கிறவள் நான் ஒருத்திதான். ஆனால் வீட்டில் தனியாக இருப்பது சும்மா இருப்பது. அங்கே தனியாக இருப்பதற்கு ஒரு வேலை இருக்கிறது.

இனி அந்த நாள். விழுந்தது என் தப்புதான். புதுச் செருப்பு, மழை பெய்து விட்டிருந்தது, நான் கீழே பார்க்காமல் மரத்தின் மேல் ஏதோ ஒரு பறவையைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். படி ஒன்று இருந்ததை என் கால் பார்க்கவில்லை. இடது கை உடலுக்கு அடியில் மாட்டிக்கொண்டது. எலும்பு போன சத்தம் எனக்கே கேட்டது. அங்கே கூட்டிப் பெருக்கும் முனியம்மாதான் முதலில் ஓடிவந்தாள். "இன்னாம்மா, பாத்து வரக்கூடாதா? யாரு கூட வந்தே?" என்றாள். "யாரும் இல்லம்மா." "யாரும் இல்லாம ஒண்டியாவா வருவாங்க இங்க?" என்று அவள் உன் நம்பரைக் கேட்டுத் தன் போனிலிருந்து உனக்குப் போட்டாள். "சார், உங்கம்மா வண்டலூர் ஜூவுல வுழுந்துட்டாங்க" என்று அவள் சொன்னதற்கு நீ சொன்னது எனக்கும் கேட்டது: "ராங் நம்பருங்க. எங்கம்மா திருத்தணியில கீறாங்க." முனியம்மா என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். பிறகு போனை என் காதில் வைத்தாள். "நாந்தான்டா" என்றேன். வேலு, கை உடைந்த வலியைவிட அந்த ஒரு நிமிஷம் வலித்தது. உன் அம்மா எங்கே இருக்கிறாள் என்று முன்பின் தெரியாத ஒருத்தி சொல்லி நீ தெரிந்துகொள்ளும்படி செய்துவிட்டேன்.

நீ விமானம் பிடித்து அன்று சாயங்காலமே தாம்பரம் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டாய். சட்டையெல்லாம் கசங்கி, முகம் வெளுத்து. என் கட்டுப்போட்ட கையைப் பார்த்தாய், ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாய். "வண்டலூர்ல உனக்கு யாரும்மா கீறாங்க?"

"யாரும் இல்லடா."

"அப்புறம் எதுக்கு போறே?"

நான் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"எத்தினி நாளா?"

"ரெண்டு வருசமா."

"ரெண்டு வருசமா என்கிட்ட வூட்லயே இருக்கறேன்னு சொல்லிகினு இருந்தியா? நான் இன்னா கேட்டேன் உன்ன? பத்திரமா இருன்னுதான கேட்டேன்."

ஸ்டூலைத் தள்ளிவிட்டு எழுந்தாய். வராந்தாவுக்குப் போய்விட்டாய். நீ கண்ணைத் துடைத்துக்கொள்வதைக் கண்ணாடிக் கதவு வழியாக நான் பார்த்தேன்.

என்னை வீட்டில் கொண்டுவந்து விட்டு மூன்று நாள் இருந்தாய். சோறு வடித்தாய், எனக்குத் தலை பின்னிவிட்டாய், கோணலாக. கிளம்புகிற அன்று ஹால் மூலையில் அந்தக் கேமராவை மாட்டினாய். பொங்கலுக்குள் வீட்டை விற்றுவிடலாம், என்னோடு புனேவுக்கு வந்துவிடு என்றாய். நான் தலையாட்டினேன். உன் பயம் எனக்குத் தெரிந்ததால் ஆட்டினேன். முன்னொரு தடவை உன் வீட்டில் நான்கு மாதம் இருந்துதான் பார்த்தேன். குறை ஒன்றும் சொல்லமாட்டேன். எட்டாவது மாடி, சுத்தமான வீடு, நீ காலையில் எட்டுக்குப் போய் இரவு ஒன்பதுக்கு வருவாய், நித்யாவுக்கும் வேலை, குழந்தை பகலெல்லாம் காப்பகத்தில், லிஃப்டில் பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், எனக்கு இந்தி தெரியாது. அங்கே என் குரல் இரண்டு நாளில் இல்லை, ஒரே நாளில் போனது.

கேமரா வந்த பிறகு என்ன ஆனது என்று சொல்கிறேன், சிரிக்காதே. நான் நடிக்க ஆரம்பித்தேன். சோபாவில் படுக்கத் தோன்றினால், மத்தியானம் படுத்தால் நீ கவலைப்படுவாய் என்று உட்கார்ந்திருப்பேன். தனியாகப் பேசுவதை விட்டேன். நீ கேட்டால் அம்மாவுக்கு மூளை குழம்பிவிட்டது என்பாய். ஒருநாள் நல்ல நாவல், ஆற்று வெள்ளத்தில் ஒரு குடும்பம் கூரைமேல் ஏறி நிற்கிற இடம், நான் மெய்மறந்து படித்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. "ஏம்மா, ரெண்டு மணி நேரமா அசையாம உக்காந்துகினு கீறே, மயக்கமா?" என்றாய். "இல்லடா, படிக்கிறேன்" என்றேன். அதற்கப்புறம் படிக்கும்போது, நான் உயிரோடு இருப்பது உனக்குத் தெரியட்டும் என்று அவ்வப்போது கையை அசைத்துக்கொள்வேன். பக்கம் மனதில் நிற்கவில்லை. கூண்டு என்று எழுதமாட்டேன், அது உன்மேல் அநியாயம். ஆனால் ஒரு காலை துண்டை எடுத்து மூடிவிட்டேன்.

மூடிய அன்றைக்கு எனக்கு உன் தாத்தா நினைவு வந்தார். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. நீ பாதி அறிவாய்.

அப்போது நாம் திருவாலங்காட்டில் சப்-சென்டர் குவார்ட்டர்ஸில் இருந்தோம், உனக்குப் பதினோரு வயது. என் மாமனார் நிலத்தைப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டு நம்மோடு வந்து இருந்தார். தினமும் காலை பத்து மணிக்கு சைக்கிளை எடுத்துக்கொண்டு மணவூர் ஸ்டேஷனுக்குப் போவார். ஸ்டேஷன் வாசலில் டீக்கடை வைத்திருந்த சுப்பராயுடு அவருடைய சிநேகிதர். இரண்டு பேரும் தெலுங்கில் பேசிக்கொண்டு, வருகிற வண்டி போகிற வண்டியைப் பார்த்துக்கொண்டு, மூன்று டீ குடித்துவிட்டு, மத்தியானம் சோற்றுக்கு வந்துவிடுவார். ஒருநாள் கரும்பு ஏற்றிய டிராக்டருக்கு ஒதுங்கி வயலில் விழுந்துவிட்டார். முட்டியில் சிராய்ப்பு, வேறொன்றுமில்லை. ஆனால் நான் நர்ஸ் அல்லவா. பிரஷர்காரர், சர்க்கரை ஆலைக்கு லாரியாகப் போகிற ரோடு, நாளைக்கு ஏதாவது ஆனால் ஊர் என்ன சொல்லும் என்று பயந்தேன். அன்று சாயங்காலம் சைக்கிளைப் பூட்டி, சாவியை அரிசி டின்னுக்குள் போட்டேன். நீ பார்த்தாய். "தாத்தாகிட்ட சொல்லாதடா, அவரு நல்லதுக்குத்தான்" என்று உன்னிடம் சொன்னேன்.

மறுநாள் அவர் கேட்டார். "சாவி எங்கம்மா?" "தொலஞ்சி போச்சி மாமா, தேடறேன்" என்றேன். இரண்டு நாள் கழித்து, "சாவி கெடச்சிதாம்மா?" என்றார். அடுத்த வாரம் ஒருமுறை கேட்டார். பிறகு கேட்கவில்லை. ஆயுசு முழுக்க ஏரும் மண்வெட்டியும் பிடித்த மனிதர். ஒரு கல்லை எடுத்துத் தட்டியிருந்தால் அந்தப் பூட்டு உடைந்திருக்கும். அவர் தட்டவில்லை. மருமகள் வேண்டாம் என்கிறாள் என்று தெரிந்துகொண்டு, எனக்கு அவமானம் வராமல் விட்டுவிட்டார். அதற்கப்புறம் கொல்லைச் சுவரைப் பார்த்தபடி ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். நான் வாரம் தவறாமல் பிரஷர் பார்த்தேன். ரொம்ப நன்றாக இருந்தது, நூற்று முப்பதுக்கு எண்பது. எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னேன். எட்டு மாதத்தில் போய்விட்டார். தூக்கத்தில், நோய் ஒன்றும் இல்லாமல். சாவுக்கு சுப்பராயுடு மணவூரிலிருந்து நடந்தே வந்தார். மாலையைப் போட்டுவிட்டு என்னிடம் வந்து, "சைக்கிலுக்கு இன்னாம்மா ஆச்சி? அவன் வருவான் வருவான்னு டீய ஆத்திகினு இருந்தேன்" என்றார். நான் பதில் சொல்லவில்லை. நீ என் பக்கத்தில் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். நீயும் சொல்லவில்லை.

உன்மேல் எனக்குக் கோபம் வராததற்குக் காரணம் இதுதான், வேலு. பிரியம் இருக்கிறவர்களைப் பூட்டி வைக்கலாம் என்பதை உனக்குக் கற்றுக்கொடுத்தது நான். கேட்டால் அவர்கள் நல்லதுக்கு என்று சொல்லவும் நான்தான் கற்றுக்கொடுத்தேன். அவர் செய்யாததை நான் செய்ய நினைக்கிறேன். பேசாமல் இருந்து உன்னைக் காப்பாற்ற எனக்கு மனமில்லை. வீட்டை இப்போது விற்கவேண்டாம். கட்டு பிரித்தாயிற்று, கை நன்றாக மடங்குகிறது. நான் மறுபடி வண்டலூருக்குப் போவேன். கிளம்பும்போது சொல்லுவேன், திரும்பியதும் சொல்லுவேன், உன் நம்பரை எழுதி ரவிக்கைக்குள் வைத்துக்கொள்வேன், பழைய செருப்பையே போட்டுக்கொள்வேன். என் உடம்பு இனிமேல் முடியாது என்று சொல்லும் நாள் வரும். அந்த நாள் மற்றவர்களுக்கு முன்னால் எனக்குத்தான் தெரியும். அதுதான் என் தொழில். அன்றைக்கு நானே பெட்டியைக் கட்டிக்கொண்டு உன்னிடம் வருவேன்.

இதுவரை திங்கட்கிழமை எழுதினேன். தபாலில் போடத் தைரியம் வராமல் வைத்திருந்தேன். நேற்று புதன்கிழமை. போய்விட்டு வந்தேன். கிளம்பும்போது உனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருக்கவேண்டும், வாய் வரவில்லை. பன்னிரண்டு மணிக்கு நீ போன் செய்தாய். நான் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். "எங்கம்மா கீறே?" என்றாய். "வண்டலூர்லடா" என்றேன். நீ திட்டுவாய் என்று காத்திருந்தேன். லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். பிறகு நீ மெதுவாக, "கேமராவ நீதான மூடிட்டே?" என்றாய்.

"ஆங்."

"தெரியும்மா. ஓரத்துல துண்டு தெரியுது. நைனா துண்டு."

"கோவமாடா?"

"இல்ல. நீ இருக்கறியான்னு பாக்கறதுக்கு மட்டும் இல்லம்மா அது. நான் ஆபீஸ்ல ஒரு ஓரமா தெறந்து வெச்சிகினு இருப்பேன். நீ உள்ள போனாகூட ஹால் தெரியும். சோபா, நைனா போட்டோ, ஜன்னல். அத பாத்துகினு இருந்தா கொஞ்சம் நல்லா கீதும்மா எனக்கு. இத்தினி நாளா இருட்டா இருக்கவும் ஒரு மாதிரி ஆயிடுச்சி."

அதற்குள் யாரோ உன்னை மீட்டிங்குக்குக் கூப்பிட்டார்கள். "பாத்து போம்மா" என்று வைத்துவிட்டாய்.

அதற்குப் பிறகு நான் எதையும் பார்க்கவில்லை. நித்யாவுக்கு ஹைதராபாத்தில் வேலை மாறி, குழந்தையோடு அவள் அங்கே போய் ஒரு வருஷம் ஆகிறது. மாதம் இரண்டு முறை நீ போய்ப் பார்க்கிறாய். இது எனக்குத் தெரியும். கமலா கேட்டால்கூட, ரெண்டு பேருக்கும் நல்ல வேலை என்று சொல்லியிருக்கிறேன். ஆனால் இரவு ஒன்பது மணிக்கு அந்த எட்டாவது மாடியில் நீ கதவைத் திறந்து விளக்கைப் போடும்போது உள்ளே யாரும் இல்லை என்பதை நான் ஒருமுறைகூட நினைத்துப் பார்க்கவில்லை. புனேவுக்கு வா வா என்று நீ கூப்பிட்டபோதெல்லாம் அது கடமைக்கு என்றே எடுத்துக்கொண்டேன். மூன்று நாள் எனக்குத் தலை பின்னிவிட்டாயே, அப்போதாவது கேட்டிருக்கலாம். ஆயிரம் வீட்டுப் பிள்ளைகளின் நாக்கையும் நகத்தையும் பார்த்தவள், என் பிள்ளையின் முகத்தைப் பார்க்கத் தவறிவிட்டேன். தாத்தாவுக்குச் செய்தது ஒரு தப்பு. இது அதற்குக் குறைந்ததில்லை.

இன்று காலை துண்டை எடுத்துவிட்டேன். கேமராவைத் திருப்பவும் செய்தேன். எதிர்வீட்டு எலக்ட்ரீஷியன் வந்து ஆணி அடித்துக் கொடுத்தார். இப்போது அது சோபாவைப் பார்க்காது. ஜன்னலையும் வாசல் கேட்டையும், அதற்கு மேலே தெரிகிற கொஞ்சம் மலையையும் பார்க்கும். நான் வெளியே போவதும் வருவதும் உனக்குத் தெரியும். நடுவில் உட்கார்ந்து படிப்பதும் பேசுவதும் எனக்கு. உனக்கு இது சரிப்படுமா என்று சொல்.

உனக்கு அறிவுரை சொல்லும் தகுதி எனக்கு இல்லை, ஆனாலும் ஒன்று சொல்கிறேன். தனிமை வந்தால் அதைப் பொறுப்பை வைத்து நிரப்பிவிடாதே. நான் முப்பத்தோரு வருஷம் அப்படி நிரப்பினேன், ரிடையரான அன்றே காலியாகிவிட்டது. உனக்கு நாற்பத்தொன்று. நீ பார்த்துக்கொள்ள வேண்டாத ஒன்றை, உன்னால் எதுவும் ஆகவேண்டியிராத ஒன்றை, சும்மா போய்ப் பார்த்துவிட்டு வருவதற்கு இப்போதே தேடி வை. மிருகமாக இருக்கட்டும், மரமாக இருக்கட்டும், கிரிக்கெட் ஆடுகிற யாரோவாக இருக்கட்டும்.

கடைசியாக, நேற்று நீ போனை வைத்த பிறகு நான் உன்னிடம் கேட்க நினைத்ததை இப்போது கேட்கிறேன். ராத்திரி யாரோடு சாப்பிடுகிறாய்? சனிக்கிழமை நித்யாவிடம் போகாத வாரங்களில் என்ன செய்கிறாய்? உனக்கு அங்கே பேச யார் இருக்கிறார்கள்? காகிதத்தில் எழுதி அனுப்பு. பெரிதாக வேண்டாம், ஒரு பக்கம் போதும். உன் கையெழுத்தைப் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகிறது.

அம்மா